வீட்டில் கட்டிய அசிஸ்ட் ஹூக்: நான்கு மாதமும் 22 வீணான முள்ளும்

போன சனிக்கிழமை, பினாங்குக்குப் பக்கத்திலுள்ள பூலாவ் கென்டித் தீவுக்கு மேற்கே 18 மீட்டர் தண்ணீரில், நானே கட்டிய அசிஸ்ட் ஹூக் என்ற தூண்டில் முள்ளில் 3.8 கிலோ ஜெனஹாக் மீன் ஏறியது. மேலுதட்டின் ஓரத்தில் முள் முழுசாக இறங்கியிருந்தது. கயிற்றில் ஒரு பிசிறுகூட இல்லை. படகில் இருந்தவர்கள் மீனைப் பார்த்தார்கள், நான் முதலில் கயிற்றைத்தான் பார்த்தேன். அந்த இரண்டரை சென்டிமீட்டர் கயிற்றைச் சரியாகக் கட்ட எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கிறது. எங்கெங்கே தப்புப் பண்ணினேன் என்பதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். அதே தப்பை இன்னொருவர் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஜிக்கிங் பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜிக் என்பது மீன் வடிவத்தில் வார்த்த ஈயத் துண்டு. அதன் வாலில் முள் போட்டால் பாறையிலும், மீன் கூடுவதற்காகக் கடலில் இறக்கிவைக்கும் உஞ்சாமிலும் சிக்கும். அதனால் தலைப் பக்கம் ஒரு சின்ன வளையத்தில், சின்னக் கயிற்றில், முள்ளைத் தொங்கவிடுகிறோம். அதுதான் அசிஸ்ட். ஜிக் ஆடி விழும்போது முள் அதன் பக்கத்திலேயே மிதந்து ஆடும். மீன் ஜிக்கை வாய்க்குள் இழுக்கும்போது முள்ளும் கூடவே உள்ளே போய்விடும். கயிறு வளைவதால், மீன் தலையை உதறினாலும் ஈயத்தின் எடை முள்ளை நெம்பிக் கழற்றாது.

கடையில் இரண்டு முள் கட்டிய ஒரு ஜோடி 14 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் பக்கம் மீனவர்கள் தென்னை ஓலையும் கல்லும் கட்டி இறக்கிவைக்கும் உஞ்சாம்களுக்கு மேலேதான் பெரும்பாலும் ஜிக் போடுகிறோம். ஒரு பயணத்தில் மூன்று ஜோடி போய்விடும். காசு ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடையில் விற்கும் கயிற்று நீளம் என் ஜிக்குக்கு ஒருபோதும் பொருந்தவில்லை. நான் போடுவது 60 கிராம், 80 கிராம் குட்டை ஜிக்குகள். கடை அசிஸ்ட் நீளமாக இருந்து வால் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொள்ளும். நாமே கட்டினால் என்ன என்று தோன்றியது அப்படித்தான்.

கட்டச் சொல்லிக்கொடுத்தவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கும் அண்ணன். பத்து வருடமாகக் கட்டுகிறார். அவர் வீட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தேன். கயிற்றை மடித்தார், முள்ளின் தண்டோடு சேர்த்து நூலால் சுற்றினார், காம் காஜா என்ற சூப்பர் குளூ பசை ஒரு சொட்டு விட்டார், சூட்டில் சுருங்கும் ஷ்ரிங்க் டியூபை மேலே ஏற்றினார், லைட்டரை அடியில் இரண்டு முறை வீசினார். டியூப் சுருங்கிப் பிடித்துக்கொண்டது. பார்த்தால் கடைப் பொருள் மாதிரியே இருந்தது. அன்று ராத்திரியே ரெலாவ் வீட்டுக்கு வந்து, அவர் செய்தது போலவே பன்னிரண்டு முள் கட்டினேன். 1/0 அளவு முள், 5 மில்லிமீட்டர் சாலிட் ரிங் என்ற வளையம், 100 பவுண்டு தாங்கும் கயிறு. கயிறு மட்டும் நான் வேறு வாங்கியிருந்தேன். அவருடையது மஞ்சள், என்னுடையது வெள்ளை. நிறம்தானே என்று நினைத்தேன்.

முதல் பயணம் பத்து மாவுங் என்ற ஊரின் ஜெட்டியிலிருந்து. காலை எட்டரைக்கு ஜிக் விழுந்துகொண்டிருக்கும்போதே பலமாக ஒரு இழுப்பு. ராட் வளைந்தது, ரீல் ஐந்தாறு மீட்டர் கொடுத்தது. சட்டென்று ஒன்றும் இல்லை. சுற்றி எடுத்துப் பார்த்தால் ஜிக் இருந்தது, வளையம் இருந்தது, வளையத்தில் ஒரு சென்டிமீட்டர் கயிறு தொங்கியது. முள்ளும் டியூபும் மீனோடு போய்விட்டன. ‘தெங்கிரி மீன் பல்லால் அறுத்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு இன்னொரு ஜோடியை மாட்டினேன். ஒரு மணி நேரத்தில் அதுவும் அப்படியே போனது.

இரண்டாவது தடவை, படகோட்டும் தெக்கோங் என் கையிலிருந்து அந்தத் துண்டுக் கயிற்றை வாங்கினார். கட்டைவிரலால் நுனியைத் தடவினார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கல் உப்பு மாதிரி ஒரு சின்னக் கட்டி, கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது. “புக்கான் கிகி. ஆப்பி,” என்றார். பல் இல்லை, நெருப்பு. பல் அறுத்த கயிறு பஞ்சு மாதிரிப் பிரிந்து நிற்கும், உருண்டு இருக்காது என்று தன் கையிலிருந்த பழைய கயிறு ஒன்றையும் காட்டினார்.

அண்ணன் படகின் முன்பக்கத்திலிருந்து வந்து பார்த்தார். “தம்பி, நீ என்ன கயிறு வாங்குன?”

“பி.இ. பின்னல்ணே. உள்ள பொந்தா இருக்குமே, அது.”

“என்னுது கெவ்லாருப்பா. அதுல லைட்டர வச்சா ஒன்னும் ஆவாது. இதுல வைக்கலாமா?”

விஷயம் அவ்வளவுதான். கெவ்லார் 1965இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த இழை. தீயணைப்பு வீரர்களின் உடையில் போடுகிறார்கள். அது உருகுவதே இல்லை, ரொம்பச் சூட்டில் கருகும், அவ்வளவுதான். என் வெள்ளைக் கயிறு பி.இ., அதாவது பாலிஎத்திலீன். கிட்டத்தட்ட 145 டிகிரியிலேயே உருகிவிடும். லைட்டர் தீயின் சூடு ஆயிரத்தைத் தாண்டும். டியூப் சுருங்குவதை நான் ரசித்துக்கொண்டிருந்த அந்த இரண்டு விநாடியில் உள்ளே கயிறு பாதி செத்துவிட்டது. அதை மேலேயிருந்து பார்க்க முடியாதபடி டியூப் அழகாக மூடியும் வைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த எட்டு முள்ளின் டியூபையும் பிளேடால் கீறிப் பார்த்தேன். ஐந்தில் அதே கண்ணாடிக் கட்டி.

அடுத்த சனிக்கிழமை விடியற்காலையில் சுமத்ரா காற்று அடித்ததால் படகு போகவில்லை. அந்த நாளைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டேன். கையால் இழுத்துப் பார்ப்பதெல்லாம் சோதனை ஆகாது. விரலில் சுற்றி இழுத்தால் எட்டு, ஒன்பது கிலோ வருவதற்குள் விரல் வலிக்கும். வாசல் கிரில்லில் ஒரு கம்பியைக் குறுக்கே வைத்து, அதில் பெட்டி எடை பார்க்கும் டிஜிட்டல் தராசைத் தொங்கவிட்டேன். அதற்குக் கீழே அசிஸ்டின் வளையம். முள்ளின் வளைவில் ஒரு எஃகுக் கொக்கி, அதில் 20 லிட்டர் வாளி. வாளிக்கு அடியில் தரையிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் இடைவெளிதான் விட்டேன், கீழே பழைய தலையணை. குவளை குவளையாகத் தண்ணீர் ஊற்றினேன். தொழிற்சாலைக் கண்ணாடியைக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டேன். கயிறு அறும்போது முள் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தச் சோதனையைச் செய்கிறவர்கள் கண்ணாடி இல்லாமல் செய்யவே கூடாது.

லைட்டர் காட்டிய மூன்று முள்ளும் 9 கிலோ, 13 கிலோ, 7.5 கிலோவில் அறுந்தன. முதல் வாளி கவிழ்ந்து ஐந்தடிக்கு நடையெல்லாம் தண்ணீர். அப்புறம் அதே கயிறு, அதே நூல், ஆனால் டியூபைச் சுருக்கக் கொதிநீர். எவர்சில்வர் டம்ளரில் கெட்டில் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, முள்ளின் வளைவை இடுக்கியால் பிடித்துக்கொண்டு டியூப் பகுதியை மட்டும் இருபது விநாடி முக்கினேன். லைட்டரில் சுருங்கிய அளவுக்கு இறுக்கமாக இல்லை, ஆனால் போதும். இந்த மூன்றும் 20 லிட்டர் தண்ணீருக்கு அசையவில்லை. வாளி நிறைந்துவிட்டதால் சமையலறையிலிருந்து 10 கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து கூடவே மாட்டினேன். தராசில் 31. கயிறு அப்படியே நின்றது, முள்ளின் வாய்தான் லேசாகத் திறக்க ஆரம்பித்தது.

“அரிசிய எதுக்குடா வாசல்ல தொங்க வுட்டுருக்க?” என்று அம்மா வந்து நின்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தையல் பெட்டியிலிருந்து தடித்த பாலியஸ்டர் நூல் உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜீன்ஸ் தைக்கும் நூல். இன்றைக்கும் அதே நூல்தான் சுற்றுகிறேன்.

நூல் சுற்றுவதில் எனக்கு இரண்டு தவறு நடந்தது. ஹார்ட்வேர் கடையில் 35 வெள்ளிக்கு ஒரு சின்ன வைஸ் வாங்கி, அதன் இரும்புத் தாடையில் முள்ளை நேரடியாக இறுக்கினேன். தாடையின் பல் முள்ளின் பூச்சைக் கீறியதைக் கவனிக்கவில்லை. கடலுக்குப் போய்வந்த ஒரே வாரத்தில் சரியாக அந்தக் கீறல் இடத்தில் துரு. இப்போது சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டித் தாடையின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, வழவழப்பான தண்டின் மேல் கயிற்றை வைத்து நேரே சுற்ற ஆரம்பித்தது. பி.இ. கயிறு இயற்கையாகவே வழுக்கும். வாளிச் சோதனையில் ஒரு முள் அறுபடாமல், நூல் சுற்றுக்குள்ளேயே கயிறு மெதுவாக நழுவி வெளியே வந்தது. இப்போது முதலில் வெறும் தண்டில் நூலை ஒரு அடுக்கு நெருக்கமாகச் சுற்றுகிறேன். அதன் மேல் கயிற்றை 12 மில்லிமீட்டர் நீளத்துக்குப் படுக்கவைத்து, அதன் மேல் மூன்று அடுக்கு. போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று, மறுபடி ஒன்று. மொத்தம் எழுபது சுற்றுக்குக் குறையாது. கயிறு தண்டின் உள்பக்கம், அதாவது முள்ளின் முனை பார்க்கும் பக்கம் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் கட்டினால் இழுக்கும்போது முனை எதிர்த் திசையில் சாய்கிறது. மேசை மேல் ஒரு பழைய ரப்பர் செருப்பை வைத்து இழுத்துப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். உள்பக்கம் கட்டியது உடனே கொத்துகிறது, வெளிப்பக்கம் கட்டியது வழுக்கிக்கொண்டு போகிறது.

நூலின் இறுக்கம் ஒரே சீராக இருக்க, நூல் சுருளைப் பிடிக்கும் பாபின் ஹோல்டர் வேண்டும். ஆறு வெள்ளிதான். அது இல்லாமல் முதல் இருபது முள்ளைக் கையாலேயே சுற்றினேன். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருமனில் வந்தது.

பசையில் இன்னொரு பாடம் காத்திருந்தது. காம் காஜா தண்ணீர் மாதிரி ஓடும். நூல் சுற்றின் மேல் ஒரு சொட்டு விட்டால் அது நூலோடு நிற்காது, கயிற்றின் இழைகளுக்குள் ஏறி மேலே ஒரு சென்டிமீட்டர் வரை போய்விடும். காய்ந்ததும் கயிறு தீக்குச்சி மாதிரி விறைக்கும். ‘நல்லதுதானே, ஜிக்கில் சுற்றாது’ என்று எனக்கு அப்போது சந்தோஷம்கூட. கெட்டியான பகுதி முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் அந்தக் கோட்டில்தான் கயிறு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மடிகிறது. இரண்டு பயணம் போய்வந்த ஒரு ஜோடியை வாளியில் மாட்டினேன். 17 கிலோவில் போனது, சரியாக அந்தக் கோட்டில். புதிதாகக் கட்டியபோது அதே முள் 31 தாங்கியிருக்கும்.

அதற்கப்புறம் இரண்டு குழாயில் வரும் எபாக்சி, ஐந்து நிமிடத்தில் இறுகுவது. பல்குச்சி நுனியில் மிளகு அளவு எடுத்து நூல் சுற்றில் மட்டும் தடவுகிறேன். முள்ளின் வளைவு கீழேயும் கயிறு மேலேயும் இருக்கும்படி நிறுத்தி வைத்தால், பசை வழிந்தாலும் முள் பக்கம்தான் வழியும். தங்கையின் நகப்பூச்சையும் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகாக இருந்தது, மூன்றாவது பயணத்தில் உரிந்துவிட்டது. எபாக்சி போட்டால் டியூப் தேவையே இல்லை என்றும் தெரிந்தது. இப்போது டியூப் போடுவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிகிறது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

மூன்றாவது மாதம் கயிற்றை மடித்துக் கட்டுவதை விட்டேன். இரண்டாக மடித்துக் கட்டும்போது ஒரு இழை முடியளவு குட்டையாகிவிட்டால் பாரம் முழுவதும் அதன் மேலேயே விழுகிறது. தண்டும் தடித்துவிடுகிறது. உள்ளே பொந்தான பின்னல் கயிற்றின் அருமையே அதன் வாலை அதன் வயிற்றுக்குள் அனுப்ப முடிவதுதான். இதற்கென்றே ஒரு ஊசி எட்டு வெள்ளிக்குக் கிடைக்கிறது, நுனியில் குட்டிக் கதவு மாதிரி ஒரு நாக்கு மடியும்.

ஒரு முள்ளுக்கு 14 சென்டிமீட்டர் கயிறு வெட்டுகிறேன். சாதாரணக் கத்தரிக்கோல் பி.இ.யை மென்று துப்பும், பல் வைத்த கத்தரிக்கோல்தான் சரி. கயிற்றின் இரண்டு முனையையும் எதிரெதிரே தள்ளினால் பின்னல் புடைத்துக் கண் திறக்கும். எந்த இடத்தில் முள் வரப்போகிறதோ அங்கே ஊசியை நுழைத்து, கயிற்றின் வயிற்றுக்குள்ளேயே புழு மாதிரி ஊர்ந்துபோகச் செய்து, கண்ணி வரவேண்டிய இடத்தில் வெளியே எடுக்கிறேன். இன்னொரு முனையை ஊசியின் வாயில் கொடுத்து, நாக்கை மூடி, மெதுவாகப் பின்னால் இழுக்கிறேன். அவசரப்பட்டால் நாக்கு திறந்து இழைகளைக் கவ்விக்கொள்ளும், அந்தத் துண்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். முனை மறுபக்கம் வந்ததும் இரண்டு விரலால் கயிற்றைக் கண்ணியிலிருந்து கீழ்நோக்கி நீவிவிட்டால் புடைப்பெல்லாம் அடங்கி, ஒரே கயிறு மாதிரி உருண்டையாக நிற்கும். இழுக்க இழுக்க வெளிப்பின்னல் உள்ளே இருக்கும் வாலை நெருக்கிப் பிடிக்கும். முடிச்சே கிடையாது. இரண்டு முனைகளையும் சேர்த்து முள்ளின் தண்டில் சுற்றிவிடுகிறேன். எபாக்சி காய்ந்ததும் கண்ணியைச் சாலிட் ரிங்கில் நுழைத்து, முள்ளைக் கண்ணி வழியாக எடுத்து இறுக்கினால் முடிந்தது. உள்ளே வால் இருப்பதால் கயிறு தானாகவே அளவான விறைப்போடு நிற்கிறது, பசையால் வரும் விறைப்பு மாதிரி இல்லை. நடுவில் 40 பவுண்டு தங்சி (நைலான் நரம்பு) துண்டு ஒன்றைச் செருகியும் பார்த்தேன். அதன் நுனி பின்னலைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது, விட்டுவிட்டேன்.

நீளத்துக்கு எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கிறது. ஜிக்கைத் தொங்கவிட்டு முள்ளை அதன் உடம்போடு படுக்கவைத்தால், முனை ஜிக்கின் பாதியைத் தாண்டக்கூடாது. என் 60 கிராம் ஜிக் எட்டு சென்டிமீட்டர். வளையத்திலிருந்து நூல் சுற்று வரை ஒரு முள்ளுக்கு 15 மில்லிமீட்டர், இன்னொன்றுக்கு 25. இரண்டும் ஒரே நீளமாக இருந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நான்கு சென்டிமீட்டர் விட்டுக் கட்டிய ஒரு தொகுதி முழுவதும் ஜிக்குக்கு மேலே வரும் லீடர் நரம்பில் மாட்டியது, இல்லையென்றால் வாலைச் சுற்றியது. ஒரு காலை நேரம் முழுக்க ஜிக்கைத் தலைகீழாக இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். முள்ளின் வாய் அகலமும் ஜிக்கின் பருமனும் அச்சாகப் பொருந்திவிட்டாலும் தொல்லை, முள் ஜிக்கையே கவ்விக்கொண்டு திறக்காது. முள் வாங்கும்போது ஜிக்கையும் பையில் எடுத்துப்போய்க் கடையிலேயே வைத்துப் பார்க்கிறேன்.

முள்ளோடு பளபளப்பு இழை கட்டுவது வழக்கம். அதற்கென விற்கும் இழை ஒரு சின்னப் பொட்டலம் ஒன்பது வெள்ளி. நான் லிட்டில் இந்தியாவில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் மிச்சம் விழுந்த ஜரிகை கேட்டு வாங்கினேன். பொன்னிறமும் வெள்ளியுமாக ஒரு கைப்பிடி, காசு வேண்டாம் என்றுவிட்டார். நான்கு இழையை மூன்று சென்டிமீட்டர் வெட்டி, கடைசி அடுக்கு நூலுக்கு அடியில் வைத்துக் கட்டினால் தண்ணீரில் நெத்திலி வயிறு மாதிரி மின்னுகிறது. இரண்டு பயணத்தில் கறுத்துவிடும், பரவாயில்லை. ஜரிகை கட்டியதில்தான் மீன் அதிகம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் சனிக்கிழமை ஜெனஹாக் கொத்தியது பொன் ஜரிகை முள்ளை.

செலவையும் சொல்லிவிடுகிறேன். முள் பத்து எண்ணம் 11 வெள்ளி. கயிறு ஐந்து மீட்டர் 14. சாலிட் ரிங் ஐம்பது எண்ணம் 7. இரண்டு முள் உள்ள ஒரு ஜோடிக்கு முள் 2 வெள்ளி 20 காசு, கயிறு ஏறக்குறைய 80 காசு, ரிங், நூல், எபாக்சி எல்லாம் சேர்ந்து 30 காசு. ஆகமொத்தம் 3 வெள்ளி 30 காசு. கடை ஜோடியோடு பார்த்தால் பத்தே முக்கால் வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம். வைஸ், பாபின், ஊசி மூன்றும் 49 வெள்ளி. அது ஐந்தாவது ஜோடியில் திரும்பிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வெட்டியும் உடைத்தும் வீணாக்கிய 22 முள்ளின் 24 வெள்ளியையும், தூக்கிப் போட்ட கயிற்றையும் சேர்த்தால் எட்டாவது ஜோடியில்தான் திரும்பியது. நேரம், முதலில் ஒரு முள்ளுக்கு 25 நிமிடம் ஆனது. இப்போது எபாக்சி காயும் நேரம் தவிர ஒரு ஜோடி 15 நிமிடம்.

சனிக்கிழமை தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். அமாவாசை, பௌர்ணமி பக்கம் நீரோட்டம் இழுத்துச் சேறு கலக்கிவிடும், 60 கிராம் ஜிக் அடியைத் தொடவே தொடாது. அஷ்டமியில் ஆயர் மாத்தி, தண்ணீர் அடங்கித் தெளிந்திருக்கும். ஜிக் அடியைத் தொட்டதும் தங்சி தளர்வது விரலுக்குத் தெரிந்தது. இரண்டு மூன்று முறை தூக்கி விழவிட்டேன். நான்காவது விழுதலில் தளர வேண்டிய தங்சி தளரவில்லை. ராடை நிமிர்த்தினேன், கனமாகக் கீழே தலையை ஆட்டியது. ரீலின் டிராக்கை (நரம்பை விடும் இறுக்கம்) நான்கு கிலோவில் வைத்திருந்தேன். உஞ்சாம் பக்கம் போகவிடாமல் இழுக்க வேண்டும் என்று தெக்கோங் கத்தினார். நான்கு மாதத்துக்கு முன்னால் என்றால் எனக்கு இழுக்கத் தைரியம் வந்திருக்காது. இந்தத் தொகுதியிலிருந்து ஒரு முள்ளை எடுத்து வாளியும் அரிசியும் மாட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்ததால் ரீலைக் கையால் பிடித்து இழுத்தேன். வந்தது.

அதே நாள் பதினொரு மணிக்கு ஒரு ஜோடி போகவும் போனது. இந்த முறை கயிற்று நுனி பஞ்சாகப் பிரிந்திருந்தது, கட்டி இல்லை. தெக்கோங்கிடம் நீட்டினேன். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “ஹா, இனி கிகி.” இது பல். தெங்கிரிதான். பி.இ. கயிறு எவ்வளவு எடை தாங்கினாலும் தெங்கிரியின் பல்லுக்கும் சீலாவின் பல்லுக்கும் அது வெறும் நூல்.

அதனால் தெங்கிரி சீசனுக்குத் தனித் தொகுதி கட்டுகிறேன். அண்ணனிடம் நான்கு மீட்டர் மஞ்சள் கெவ்லார் கேட்டிருக்கிறேன், 200 பவுண்டு. அது வெயிலில் பலம் இழக்கும் என்பதால் பெட்டியை மூடியே வைக்க வேண்டும், மூன்று பயணத்துக்கு மேல் வைத்துக்கொள்ளப் போவதில்லை. கெவ்லாரும் அறுபடாது என்று இல்லை, இரண்டு மூன்று கடியாவது தாங்குமா என்று பார்க்கலாம். ஜெனஹாக், கெராப்பு மீன்களுக்கு வெள்ளைக் கயிறே போதும். முள்ளை 1/0விலிருந்து 2/0 ஆக்கலாமா என்று யோசிக்கிறேன். 31 கிலோவில் முள்ளின் வாய் திறந்தது மனதில் இருக்கிறது. ஆனால் தடித்த முள் உதட்டில் இறங்க அதிகம் இழுக்க வேண்டும், என் ராட் மெல்லியது. ஒரு ஜோடி மட்டும் கட்டிப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வேன். கட்டிய தேதியைச் சின்னச் சீட்டில் எழுதி ஒவ்வொரு பொட்டலத்திலும் போடவும் ஆரம்பித்திருக்கிறேன். எது எத்தனை பயணம் போனது என்று முன்பு குழம்பிக்கொண்டிருந்தேன்.

ஜெனஹாக்கைப் பிடித்த அந்த ஜோடியைத் திரும்பக் கடலுக்குக் கொண்டுபோகவில்லை. நல்ல தண்ணீரில் அலசி, மின்விசிறிக்கு அடியில் ஒரு ராத்திரி காயவைத்து, நேற்று வாளியில் மாட்டினேன். 20 லிட்டர், அப்புறம் அரிசி மூட்டை. 31 காட்டியது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, அம்மா உலை வைக்க அரிசி கேட்டதும் இறக்கினேன்.